எல்லாவற்றுக்கும் ஆம்

பச்சைப் பட்டை கடைசிவரை நிரம்பி, வேலை முடிந்தது என்று திரை சொல்லிவிட்டது. ஆனால் ஃபோல்டருக்குள் ஒன்றுமே இல்லை.

வசந்தி மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். காலி. மின்னஞ்சலில் வந்த ஜிப் கோப்பு பெரியதுதான். பிரிகிற நேரம் முழுக்கக் கம்ப்யூட்டரின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. பிரிந்ததெல்லாம் எங்கேதான் போய்த் தொலைந்தது? அவள் தேடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டாஞ்சேரி மழை ஓட்டுக் கூரைகளின் மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே குடோனில் சுக்கு மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவர்களின் கூச்சல் கேட்டது. சாயங்காலத்துக்கு முன்பே ஆபீசுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது.

கொச்சங்காடியில் அந்தச் சுக்குக் குடோனுக்கு மேல்மாடியில் இருக்கிறது அவள் வேலை பார்க்கும் சுங்க ஏஜென்சி. ஏற்றுமதிக்காரர்கள் இன்வாய்ஸ் முதல் புகை மருந்து சர்டிபிகேட் வரை எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புவார்கள். அதைப் பிரித்து, சரிபார்த்து, கப்பலுக்கான கெடு முடிவதற்குள் சுங்கத்தின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். கெடு நாளில் அந்த ஆபீசில் எவரும் எதையும் படிப்பதில்லை. திருத்தித் திருத்தி ஒரே பெயரில்தான் கோப்புகள் வரும். 'இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்று ஒரே அமுக்காக அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வசந்தி கற்றுக்கொண்டதே அதைத்தான்.

இன்றைக்கும் கேட்டது. வழக்கத்தைவிட நீளமாகவே ஏதோ கேட்டது. அவள் அமுக்கினாள்.

வாழ்க்கையிலும் இப்போதெல்லாம் அவள் அப்படித்தான். போன மழைக்காலத்தில் தோப்பும்படியில் புருஷன் முத்துவேலின் பைக் லாரிக்கு அடியில் போன நாளிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் சரி. மாமியார் தென்காசிக்கே வந்துவிடு என்றால் சரி, இப்போது வராதே என்றால் அதற்கும் சரி. படியேறும்போது வலது முழங்கால் குத்தினாலும் சரிதான். மகள் மகா என்று ஒருத்தி இல்லாவிட்டால், மூச்சை நிறுத்திக்கொள்கிறாயா என்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் பாவி.

முதலாளி விஸ்வேஸ்வரன் வில்லிங்டன் தீவில் சுங்க ஆபீசில் இருந்தார். அவரிடம் சொல்வதற்கு முன்னால், கம்ப்யூட்டர் பார்க்க வரும் ரமேஷ்பாபுவுக்குப் போன் போட்டாள்.

"சேச்சி, அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல ஜிப் தொறக்கவேண்டாம்னு நான் பறஞ்சேன்ல? அதுல ஓட்டை இருக்கு. புதுசு போட்டுத் தரேன்னு சொன்னேன், நீங்க சரின்னீங்க."

"கெடு முடியப் போகுதுன்னு சார் அவசரப்பட்டாரு தம்பி. அதுக்கும் சரின்னுட்டேன். பிரிஞ்சிட்டுது, ஆனா ஒண்ணையும் காணல."

மறுமுனையில் அவன் உச்சுக் கொட்டினான்.

"ஒரு ஜிப்புக்குள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் எங்க போய் இருக்கணும்னு ஒரு விலாசம் எழுதியிருக்கும். நல்ல சாஃப்ட்வேர்னா, நீங்க காட்டுன ஃபோல்டரைத் தாண்டி ஒண்ணையும் வெளிய விடாது. உங்களோடது பழசு. விலாசத்துல மேல போன்னு இருந்தா மேல போகும், அதுக்கும் வெளிய போன்னு இருந்தா போயிட்டே இருக்கும். போற இடத்துல அதே பேர்ல ஒண்ணு இருந்தா, அதை எடுத்துட்டு அந்த இடத்துல இது உக்காரும். கேக்கலியா உங்ககிட்ட?"

"கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாத்துக்கும் ஆமான்னு."

வசந்தி திரையில் இருந்த காலி ஃபோல்டரைப் பார்த்தாள். மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

"எடுத்துட்டது எங்க தம்பி போகும்?" என்று கேட்டாள்.

"எங்கயும் போகாது சேச்சி. அது பின்ன இல்லவே இல்ல, அவ்வளவுதான். நெட் ஒயரைப் புடுங்கிட்டு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வந்து பாக்கேன்."

ஒயரைப் பிடுங்கினாள். மேசைக்கு அடியில் குனிந்து பையை எடுத்தாள். மதியம் கழுவி வைத்த டிபன் பாக்ஸ் மேசைமேல் கவிழ்ந்திருந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனவளின் கை பாதியில் நின்றது.

அது முத்துவேலின் டிபன் பாக்ஸ். ஃபோர்ட் கொச்சி ஹோட்டலில் சமையல் வேலைக்கு அவன் தினமும் கொண்டுபோனது. லாரிக்கு அடியிலிருந்து எடுத்தபோது அதன் ஒரு பக்கம் உள்ளே நெளிந்திருந்தது. போலீஸ்காரர் அதைத்தான் முதலில் அவள் கையில் கொடுத்தார். தட்டிச் சரிபண்ணித் தருகிறேன் என்று பாத்திரக்காரன் சொன்னபோதுகூட, எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் வசந்தி அதற்கு மட்டும் வேண்டாம் என்றாள். மூடி ஒருபக்கம் ஒட்டாது. குழம்பு ஒழுகும். ஒழுகினால் ஒழுகட்டும் என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வருவாள்.

இப்போது அதில் நெளிவு இல்லை. விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. மூடியில் முத்துவேலின் பெயர் இருந்தது, அதே எழுத்து, அதே இடம். மூடி சரியாகப் போய் உட்கார்ந்தது.

ரப்பர் பேண்ட் மேசையில் தனியாகக் கிடந்தது.

அழுகை வர வேண்டும். வரவில்லை. மார்புக்குள் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி ஒரு கனம் மட்டும் இருந்தது. இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். ரெக்சின் கிழிந்து பஞ்சு தள்ளிக்கொண்டிருக்கும் இடம் கிழியாமல் இருந்தது. சுவரில் எப்போதும் இருக்கும் மழை ஒழுகிய கறையும் இல்லை. வெளியே. அதற்கும் வெளியே. எவ்வளவு தூரம் வெளியே?

மகா.

ஆபீசைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். குடோனைத் தாண்டும்போது சுக்குத் தூசியில் தினமும் நாலு தும்மல் வரும் அவளுக்கு; சுமைதூக்கிகள் எண்ணிச் சிரிப்பார்கள். இன்றைக்குத் தும்மல் வரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பஜார் ரோட்டில் கடை வாசல்களில் ஆடுகள் மழைக்கு ஒதுங்கி நின்றன. மிச்சச் சோற்றுக்காக அவளை வழிமறிக்கும் கறுப்பு ஆடு கிட்டே வந்து, பையை மோந்து, அவள் கையை மோந்து, பின்வாங்கி மற்ற ஆடுகளுக்குள் புகுந்துகொண்டது. அவள் ஓடினாள். குடையை மறந்துவிட்டிருந்தாள். மழை முகத்தில் அடித்தது. அது சில்லென்று இருந்ததா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. சாமி, பிள்ளையை மட்டும் தொட்டுவிடாதே. வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். சுள்ளிக்கல் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். வலது முழங்கால் ஒருதடவைகூடக் குத்தவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் மகாவைப் பார்த்துக்கொள்கிறவள் பக்கத்து வீட்டு ஷபானா. அவள்தான் வாசலில் நின்றாள்.

"யா அல்லா, ஏன் வசந்தி இப்படி நனைஞ்சு வாறே? மகா இப்பத்தான் உங்க வீட்டுக்குப் போனா, அம்மா வர்ற நேரமாச்சுன்னு. இரு, சாயா போடுறேன்."

வசந்தி நிற்காமல் தன் வீட்டுக்குள் போனாள். வழக்கம்போல மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் முத்துவேல் அடித்த தாழ்ப்பாள் அது. ரோட்டுக்கு ஓடிவிடுவாள் என்று.

மகா கட்டிலில் உட்கார்ந்து மலையாளப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அதே சட்டை. அதே ரெட்டைச் சடை.

"இங்க வாட்டி. நாடியக் காட்டு."

வைப்பின் தீவுக்குப் போக நின்ற படகுத் துறையில் விழுந்து, மகாவுக்கு மோவாய்க்கு அடியில் தையல் போட்ட தழும்பு ஒன்று உண்டு. வசந்தி முகத்தை நிமிர்த்தி விளக்குக்கு நேரே பிடித்தாள்.

தழும்பு இருந்தது. கோணலாக, இளஞ்சிவப்பாக, ஒரு தையல் தள்ளிப்போய், அப்படியே இருந்தது. முன்பல் விழுந்த சந்து. நகத்தில் மை. வியர்வையும் தேங்காய் எண்ணெயுமாக இருக்கும் அந்தத் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். என் பிள்ளைதான். என் பிள்ளையேதான். எண்ணெய் வாசனை மட்டும் ஏனோ மூக்குக்கு எட்டவில்லை.

"அம்மா, விடு. கையக் காட்டு."

இது மகாவின் வழக்கம். அப்பா வேலைக்குப் போய் வராமல் போனதிலிருந்து, அம்மா வந்துவிட்டாள் என்பதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் அவளுக்குப் போதாது. தீபாவளி முறுக்கு எண்ணெய் தெறித்து வசந்தியின் இடது முன்கையில் சுருங்கிப்போன ஒரு தழும்பு இருக்கிறது. தினமும் அதைத் தொட்டுப் பார்த்து, 'அம்மாதான்' என்று சொன்ன பிறகுதான் பிள்ளை சாப்பிட உட்காருவாள்.

ஈரச் சுடிதாரின் கை நீளம். மகா அதைச் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றினாள். விரலை வைத்தாள். நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள்.

"இங்கதான இருக்கும்?"

வசந்தி குனிந்து பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழவழவென்று இருந்தது.

மகா அந்தக் கையை விட்டாள். அடுத்த கையைப் பார்க்கவில்லை. கட்டிலின் மூலைக்கு நகர்ந்தாள்.

"எங்க அம்மா எங்க?"

"நான்தாண்டி அம்மா." குரல் சரியாகத்தான் இருந்தது. வார்த்தையும் சரிதான். பயப்பட வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. மார்புக்குள் தேடினாள். கல் மாதிரி இருந்த கனத்தையும் காணவில்லை. முத்துவேலின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அவன் பெயர் வந்தது. பெயருக்குக் கீழே ஒன்றும் இல்லை.

பைக்குள் போன் அடித்தது.

மகாதான் பாய்ந்து எடுத்தாள். திரையில் 'ஆபீஸ்' என்று இருந்தது. பூட்டிய ஆபீஸ். சாவி பைக்குள்.

"அம்மா!" என்று பிள்ளை வீறிட்டாள். இரண்டு கையாலும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அம்மா, நீ எங்க இருக்கே?"

அந்தச் சின்ன வீட்டில் போனுக்குள் பேசும் குரல் நன்றாகவே கேட்டது. வசந்தியின் குரல். அழுதுகொண்டிருந்தது. இடையிடையே தும்மியது. அந்தக் குரலுக்கு எல்லாம் வந்தது.

"என்ன மாதிரியே ஒருத்தி பூட்டிட்டுப் போயிட்டா, கதவு தொறக்க மாட்டேங்குது மக்கா. எவ்வளவு தட்டினாலும் யாருக்கும் கேக்கல. நீ அங்க நிக்காத. ஷபானா மாமி வீட்டுக்கு ஓடு. அவ கிட்டப் போயிராதட்டி!"

மகா ஓடினாள். கதவில் மோதினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. நுனிக்காலில் எம்பினாள். "மாமி! மாமி!" பக்கத்து வீட்டில் சாயாவுக்குச் சர்க்கரை கலக்கும் சத்தம். மழை.

வசந்தி எழுந்தாள். பிள்ளை பயந்திருக்கிறாள். திறந்துவிட வேண்டும். ஒரு தாய் அதைத்தான் செய்வாள். அது அவளுக்குத் தெரியும்.

பின்னால் போய் நின்றாள். பிள்ளையின் தலைக்கு மேலே கையை நீட்டினாள். மகா கதவோடு கதவாக ஒட்டிக் கீழே சரிந்தாள். போன் தரையில் விழுந்து அழுதது.

தழும்பில்லாத அந்தக் கை தாழ்ப்பாளின் மேல் போய் நின்றது.

திற, என்று கையிடம் சொன்னாள்.

கை திறக்கவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருதடவை அமுக்கிப் பார்த்தது.