பெரியப்பாவுக்குப் பின்னால் ஒரு சிங்கம்

ஜோக்கிம் பெரியப்பா கென்யாவில் இருந்தது ஐந்தே நாள். திரும்பி வந்து மூன்று மாதமாகியும் அங்கே வாங்கிய காட்டுத் தொப்பி தலையைவிட்டு இறங்கவில்லை. பஸ்ஸிலும் தொப்பி, பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் தொப்பி.

கால்சாப் பகுதியில் அவர் வேலைசெய்யும் வீட்டு எசமானியம்மா, அந்தச் சிஞ்ஞோறா, பெட்டி தூக்கத்தான் அவரைக் கூட்டிப்போனார். கதை சொல்லும்போது பெரியப்பா பெட்டியை மட்டும் விட்டுவிடுவார்.

"சிங்கம் இவ்வளவு கிட்ட!" என்று கைகளை விரிப்பார். மாதாமாதம் அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது.

அவருடைய தம்பி மகள், பத்து வயது ஜெனுஷா, அதை அப்படியே நம்பினாள். ஞாயிறு பூசை முடிந்து கால்பந்தடிக்கப் போன பிள்ளைகளை மறித்துக் கோயில் மண்டபத்துக்கு இழுத்து வந்தவள் அவள்தான்.

"கூண்டில்லாத சிங்கம்! பெரியப்பா படம் காட்டப்போறார்."

"சிங்கம் இல்லாட்டி?" என்றாள் மொனிகா.

"ஒரு வருசம் நானே கோல் காக்கிறன். இருந்தா நீ!"

கோல் காக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே எல்லாரும் வந்தார்கள்.

போனிலிருந்து திரையில் முதல் படம் விழுந்தது. பெரியப்பாவின் முகம். இரண்டாவது படம், முகமும் தொப்பியும். மூன்றாவதில் பல்லும் தெரிந்தது.

"இது யானை," என்றார் பெரியப்பா.

"எங்கை?"

"எனக்குப் பின்னாலை."

"எனக்கு ஒரு பெரிய மிருகம்தான் தெரியுது," என்றான் றமேஸ். மண்டபமே சிரித்தது.

பெரியப்பா மெல்லத் தொப்பியைக் கழற்றினார். மூன்று மாதத்தில் முதல் தடவை.

ஜெனுஷா துள்ளி எழுந்தாள். "சிரிக்காதேங்கோ, இது போட்டி! பின்னாலை ஒளிஞ்சிருக்கிறது என்னெண்டு முதலிலை சொல்லுறவைக்கு ஒரு புள்ளி!"

"ஓமோம், போட்டிதான்," என்றார் பெரியப்பா அவசரமாக. "அதுக்காகத்தான் அப்பிடி எடுத்தனான்."

"காதுக்குப் பக்கத்திலை கோடு! வரிக்குதிரை!"

"தொப்பியிலை தலை முளைச்சிருக்கு! ஒட்டகச்சிவிங்கி!"

மண்டபம் அதிர்ந்தது. பெரியப்பா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஆனால், சிங்கம் மட்டும் வரவேயில்லை.

"கோல் காக்கக் கையுறை வாங்கிட்டியோ?" என்று மொனிகா காதுக்குள் கேட்டாள்.

ஜெனுஷா பெரியப்பாவின் போனை எட்டிப் பார்த்தாள். ஒரு படம் மிச்சம் இருந்தது.

"அது வேண்டாம் பிள்ளை, பழுதான படம்."

"ஏன்?"

"அதிலை நான் இல்லை."

ஜெனுஷா படத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "காட்டட்டோ, பெரியப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, காட்டு."

திரை முழுக்கச் சிங்கம்! பொன்னிறப் பிடரி, குகைபோல் திறந்த வாய். முன்வரிசைப் பிள்ளைகள் பின்னுக்குச் சாய்ந்தார்கள்.

"நீங்கள் எங்கை, மாமா?" என்றான் றமேஸ்.

"ஜீப் சீற்றுக்குக் கீழை," என்றார் பெரியப்பா. "படம் எடுத்தது சிஞ்ஞோறா." "அது கொட்டாவிதான் விட்டது. நான் என்னைச் சாப்பிடத்தான் வாய் திறக்குது எண்டு நினைச்சிட்டன்!"

இந்தத் தடவை முதலில் சிரித்தவர் அவர்தான்.

மொனிகா தானாகவே கோல் காக்கப் போனாள்.

இப்போது சீசாப் பகுதியில் இருக்கும் பெரியப்பா வீட்டுச் சுவரில் அந்தப் படம் ஒன்றுதான் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அவர் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டுவார். அங்கே ஒரு தொப்பியின் நுனி மட்டும் தெரியும்.

"மேலை இருக்கிறது சிங்கம்," என்பார். "இது நான்."