நாலாவது தரிப்பு

கசெற்றில் பற்றிக் என்பவன் ஒரே வசனத்தை இரண்டு தரம் சொல்லியிருந்தான். முதலில் மைக்குக்குக் கிட்ட நின்று. பிறகு தூரத்தில், மலைச்சரிவுப் பக்கமிருந்து.

"நாலாவது தரிப்பு. காரை நிறுத்திவிட்டு, அசையாமல் நின்று கேளுங்கள்."

குணேஸ்வரி கசெற்றைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டாள். மொன்றியாலின் செயின்ட்-மிஷேலில், கார் திருத்தும் கடைக்கு மேலேயிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு இதுதான் வேலை. கனடாவின் மேற்கே, அல்பேர்ட்டாவின் புல்வெளிகளிலும் அதற்கப்பால் மலையடிவாரத்திலும் பறவை பார்க்கப் போகிறவர்கள், காரில் போட்டுக் கேட்டபடி போவதற்கென்று ஒரு வழிகாட்டிக் கசெற். அவளுடைய முதலாளியான பற்றிக், கோடையில் அங்கே போய்ப் பதிந்துகொண்டு வந்ததை, காதில் ஹெட்போனை மாட்டியபடி அவள் துப்புரவாக்கவேண்டும். அந்தப் பக்கத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் இடுப்பளவு புல் ஒன்றோடொன்று உரசுவதும், காற்றில் கம்பிவேலி முனகுவதும், மஞ்சள் மார்புக் குருவியொன்று வேலிக்கட்டையில் இருந்து குழலூதுவதுபோல் இழுத்துப் பாடுவதும், நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து மரங்கள் வரத்தொடங்கியதும் காற்றின் சத்தம் கனத்துப்போவதும் அவளுக்கு மனப்பாடம்.

இரண்டாம் தரம் கேட்டது எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் எதிரொலி உடனே வரும். இது, பற்றிக் பேசி முடித்து, ஆந்தையின் குரலைப் போட்டு, நிறுத்தி, பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றும் சத்தமும் கேட்ட பிறகு வந்தது.

அவள் அதை விசாரித்தபோது பற்றிக் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒரு பறவையைக் கிட்டக் கூப்பிடவேண்டுமென்றால் அதன் குரலையே போட்டுக்காட்ட வேண்டும். தன் இடத்துக்குள் வேறொன்று வந்துவிட்டதென்று தேடிவரும். நான் ஆந்தையைத்தான் கூப்பிட்டேன்."

"ஆந்தை வந்ததா?"

"இல்லை. அந்தப் பக்கத்தில் எல்லாமே வாயை மூடிக்கொண்டுவிட்டன. பூச்சிகள்கூட." கோப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "பிறகு என் குரல் என்னைக் கூப்பிட்டது. நான் பதில் சொல்லவில்லை. காரில் ஏறிவிட்டேன். அந்தத் தரிப்பை வெட்டிவிடு. எடுத்த பிரதிகளையும் எறிந்துவிடு."

அவள் வெட்டினாள். ஆனால் பிரதிகளை எறியவில்லை. ஊரில் சொந்தங்களை விட்டுவந்த எவரும் கசெற்றை எறியமாட்டார்கள். மேலே பேசிப் பதிந்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம். நாலைந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தான் குடியிருந்த லாசாலுக்குப் பஸ் ஏறினாள்.

அம்மா இந்திராதேவி இடம்பெயர்ந்து வந்து வவுனியாவில், காடு தொடங்குகிற ஓரத்தில் ஒரு கொட்டிலில் தனியே இருந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டதால் கடிதம் வாசிக்க முடியாது. அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுக்கும் அலுவல் முடியும் தறுவாயில் இருந்தது. பனி கரைய வந்துவிடுவார் என்று குணேஸ்வரி பழைய சாமான் கடையில் அவருக்கொரு கோட்டும் வாங்கி வைத்திருந்தாள். அந்தச் செய்தியைத்தான் கசெற்றில் சொன்னாள். சொல்லும்போதே, அவளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த பிலோமினம்மா குறுக்கே புகுந்தார்.

"அக்கா, உங்கடை மகள் குருவிச் சத்தம் துடைக்கிற வேலை பாக்கிறா! குருவி கத்துறதைக் கேக்க இஞ்சத்தைச் சனம் கார் எடுத்துக்கொண்டு போகுதாம். எங்கடை வளவிலை எண்டால் அதுகள் நித்திரை கொள்ள விடாதுகள்!"

கசெற் போய்ப் பல நாள் கழித்து, தை மாதத்தில் ஒருநாள் பின்னேரம் நாலரைக்கே இருட்டிக் கிடக்க, ஹீற்றர் தட்டுத்தட்டென்று சத்தமிட, கறிக்குத் தாளித்த வாசம் அறைக்குள் நிறைந்திருக்க, உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றது.

அவள் பேசியது பாதிப் பக்கம்தான்.

மிச்சத்தை அழிக்கவில்லை.

அம்மா கசெற்றை நிறுத்தமாட்டார். மகள் கடைசியில் ஒரு சொல் விட்டிருப்பாளோ என்று, நாடா ஓடி முடிந்து தானாக டக்கென்று நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். அது மட்டுமல்ல. கசெற்றோடு கதைப்பார். 'ஓம் பிள்ளை, சாப்பிட்டன்', 'ஓம் பிள்ளை, சுகமா இருக்கிறன்' என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

மிச்சமிருந்த பிரதிகளில் ஒன்றை எடுத்துப் போட்டாள். புல். கம்பிவேலி. பற்றிக்கின் குரல், ஆந்தை, கோப்பி. பிறகு அந்த அமைதி.

"உதை நிப்பாட்டு பிள்ளை, சோறு ஆறுது!" குசினியிலிருந்து பிலோமினம்மா கத்தினார்.

"வாறன், வாறன்."

நாடா ஓடிக்கொண்டிருந்தது. எதுவுமில்லை. நிறுத்தக் கையை நீட்டினாள். அப்போது தூரத்தில், புல்லுக்குள் இருந்து, காற்றோடு:

"உதை நிப்பாட்டு பிள்ளை."

அவள் அசையவில்லை.

"சோறு ஆறுது."

இப்போது கிட்ட.

வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

அம்மாவுக்குத் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக் கடைக்கு வந்து அவர்தான் எடுப்பார். ஞாயிறு வரை குணேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்து, ஜன்னலில் பனி சாம்பல் நிறமாக ஒட்டியிருந்தபோது மணி அடித்தது. அங்கே பொழுதுபடும் நேரம்.

"அம்மா, கசெற் வந்ததே? அதைப் போடாதேங்கோ..."

"போன கிழமையே கேட்டு முடிச்சிட்டன்." அம்மாவின் குரல் பூரித்துக் கிடந்தது. "ஏன்டி ஆத்தை, ஒரு சொல்லுச் சொல்லாமலே வெளிக்கிட்டு வந்தனி? பின்வளவிலை நிண்டு அம்மா, அம்மா எண்டு கூப்பிட எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு."

"நான் இஞ்சை, மொன்றியாலிலை நிக்கிறன்."

"பின்னை கூப்பிட்டது ஆராம்? உள்ளை வா எண்டாலும் மாட்டாளாம். வேலிக்கு அங்காலைதான் நிப்பாளாம். இண்டைக்குத்தான் ஒருமாதிரிக் கடைவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"அம்மா, கேளுங்கோ. இப்ப ஆரோடை கதைக்கிறியள்? நான்தான் குணா. அது நான் இல்லை. அதுக்கு மறுமொழி சொல்லாதேங்கோ. கடைக்காரரைக் கூப்பிடுங்கோ."

கம்பிக்குள் இரைச்சல்.

"உதுவும் அவளின்ரை குரல்தான்," என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. "கசெற்றிலையும் குரல், போனிலையும் குரல். இத்தனை வருசமாக் குரலைத்தானே அனுப்பினவள். இப்ப ஆள் வந்து நிக்குது. குரலை வைச்சு நான் என்ன செய்ய?"

"அம்மா!"

"வைக்கிறன் பிள்ளை. அவள் கூப்பிடுறாள்."

ரிசீவர் மேசையில் விழுந்தது. அவள் கத்தினாள். பிலோமினம்மா ஓடிவந்து கதவடியில் நின்றார். மறுபடி கத்தினாள். யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ? ஆர் தங்கச்சி?" கடைக்காரர். "அம்மா வெளிக்கிட்டிட்டா."

"மறியுங்கோ அண்ணை! ஆரோடை போறா?"

"மகளாம் எண்டா. கையைப் பிடிச்சுக்கொண்டு போறா." அவர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. "றோட்டாலை போகேல்லை. உதாலை, காட்டுப் பக்கமா..."



"அண்ணை?"

"தங்கச்சி." குரல் இறங்கிவிட்டது. "உந்தப் பிள்ளை நடக்கேக்கை, முழங்கால் ஏன் பின்பக்கமா மடியுது?"

ரிசீவருக்குள்ளால், கடைக்கு வெளியே, தூரத்தில், அம்மா சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு போவது கேட்டது. அந்தப் பக்கத்தில் வேறொரு சத்தமும் இல்லை.