தலைகீழாகப் போட்ட தரை

கார்ப்பெட் ஈரமாக இருந்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. படகில் குடியிருந்தால் துணி, தலையணை, தீப்பெட்டி எல்லாமே நமுத்துத்தான் கிடக்கும். ஆனால் அன்று காலை கட்டிலிலிருந்து இறங்கி வெறுங்காலைக் கார்ப்பெட்டில் வைத்தபோது, அந்த ஈரம் வெதுவெதுவென்று இருந்தது.

"சீ!" என்று காலை இழுத்துக்கொண்டாள். உள்ளங்காலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோயிருக்கக் கூடாது. ஆனாலும் கொண்டுபோனாள். பத்து நாள் குளிக்காத தலை, புளித்த பால், இரண்டும் கலந்த ஒரு வாடை. ஈரம் சரியாக மகளின் கட்டிலுக்குக் கீழே, தூக்கத்தில் அவள் கை தொங்கும் இடத்தில் இருந்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை காலைக் கழுவியும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

படகு கணவனின் ஆசை. பழைய படகு, கேபினுக்குள் ஒரு சின்ன வீடே இருக்கிறது, படித்துறையில் கட்டிப்போட்டுக் குடியிருக்கலாம் என்று வாங்கினான். இரண்டே மாதம் இருந்துவிட்டுத் தன் கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டான். ஆசைப்பட்டவன் நடுக்கடலில் ஜாலியாக இருக்கிறான், அவஸ்தை மட்டும் இவளுக்கு. வந்த மூன்றாம் வாரமே ஆறு வயது மகளுக்கு வீசிங் தொடங்கியது. போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு முழு நாள். டாக்டர் அம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "அந்தக் கார்ப்பெட்டை முதல்ல எடுத்து வெளிய போடுங்க. இன்னொரு தடவை இந்த அளவுக்கு வந்தா குழந்தை தாங்க மாட்டா."

அதிலிருந்து அவள் காதெல்லாம் மகளின் மூச்சிலேயே இருந்தது. மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் ஒரு மெல்லிய விசில், அதன் வாலில் ஒரு சின்ன 'க்ளக்'. ஆயிரம் குழந்தைகள் நடுவிலும் அந்த விசிலை அடையாளம் சொல்லிவிடுவாள். விசில் வந்ததும் மருந்து அடிக்கும் பஃப்பை எடுத்து வாயில் வைத்து அழுத்துவாள். மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லி, ஒன்றிலிருந்து பத்து வரை இவள் எண்ணுவாள். பத்து வந்ததும் மகள் மொத்த மூச்சையும் புஸ்ஸென்று அம்மா முகத்தில் ஊதிவிட்டுச் சிரிப்பாள். இடது பக்கம் மேலே விழுந்த பல்லின் சந்து அப்போது தெரியும். அந்தப் பல் போன வாரம் இதே கார்ப்பெட்டில்தான் விழுந்தது. முட்டி போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை.

பத்து மணிக்குத் தம்பி வந்தான். வீடுகளுக்கு மரத்தரை போடுவது அவன் தொழில். படகில் இதுதான் முதல் தடவை.

"என்னக்கா, வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற? நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

"உள்ள போய்ப் பாரு, அப்புறம் பேசு."

உள்ளே போனவன் உடனே வெளியே வந்து கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டான். மருமகளைப் பார்த்து, "வாண்டு, நீ அந்தக் கட்டிலை விட்டுக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா உன்னையும் சேர்த்து ஆணி அடிச்சிடுவேன்" என்றான். அவள் கெக்கெக்கென்று சிரித்து, சிரிப்பின் முடிவில் விசிலடித்தாள். முன்பக்கக் கட்டிலில் அவளை உட்காரவைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள்.

கார்ப்பெட் சுலபத்தில் வரவில்லை. தம்பி ஒரு மூலையைப் பிடித்து இழுத்தபோது வந்தது பசையிலிருந்து பிரிகிற சத்தம் இல்லை. காய்ந்த புண்ணிலிருந்து பிளாஸ்திரியை உரிக்கிற சத்தம். அடியில் இருந்த நுரைப்பஞ்சு மஞ்சள் சேறாகக் கரைந்து நூல் நூலாக இழுபட்டது. அந்தச் சேறு முழுக்க முடி. கறுப்பு முடி, ஒரே நீளம், மேலே கார்ப்பெட்டின் இழைக்குள் ஏறியிருந்தது. எங்கே இழை முடிகிறது, எங்கே முடி தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடுநடுவே பிறை பிறையாக வெட்டின நகங்கள். பிஞ்சு நகங்கள்.

"அக்கா, வாண்டுக்குப் பல்லு விழுந்ததுன்னியே, இந்தா" என்று உள்ளங்கையை நீட்டினான் தம்பி. பிறகு அவனே குனிந்து பார்த்தான். "இன்னொண்ணும் இருக்கு."

இன்னொன்று இல்லை. ஏழு. ஏழும் ஒரே பல். அதே ஓரத்தில் அதே சின்ன உடைசல். முதலாவது கெட்டியாக இருந்தது. கடைசியாக எடுத்தது இன்னும் முற்றாமல், விரலால் அழுத்தினால் நசுங்குகிற மாதிரி மெத்தென்று இருந்தது. அவள் அதை அழுத்திப் பார்த்துவிட்டாள்.

"தூக்கிப் போடுடா. தண்ணியில போடு எல்லாத்தையும்."

"பல்லைப் போடலாம். கார்ப்பெட் வேணும். இந்தப் படகுல ஒரு சுவராவது நேரா இருக்கா பாரு. டேப்பை வெச்சு அளந்தா பைத்தியம் பிடிச்சிடும். பழசையே அச்சா வெச்சு வரைஞ்சு வெட்டிட்டா, அப்படியே வந்து உக்காரும்."

பிய்யாமல் ஒரே துண்டாக உரித்து, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி இருவரும் தூக்கினார்கள். கனம் தாங்கவில்லை. சுருளின் நடுவிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் அவள் முழங்கை வழியாக வழிந்து அக்குளுக்குள் இறங்கியது. படித்துறையில் சுருளைப் போட்டதும் ஓரமாக ஓடிப்போய்க் குமட்டிக் குமட்டி வாந்தியெடுத்தாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். முகம் கழுவி, வாய் கொப்பளித்து, கையைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்கவைத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் கேபினின் அடிக்குழி திறந்தே கிடந்தது. அடிக்குழி என்பது தரைக்கும் படகின் அடிப்பலகைக்கும் நடுவே, கசிகிற தண்ணீர் சேரும் இடம். கார்ப்பெட்டோடு சேர்ந்து அதன் பழைய மூடியும் உளுத்துப் பிய்ந்துகொண்டு வந்திருந்தது.

உள்ளே திரும்பியபோது திரைக்குப் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "அம்மா, என் வீசிங் ஏன் கீழ கேக்குது?"

"கீழயெல்லாம் கேக்காது கண்ணு. படுத்துக்கோ."

குழியை எட்டிப் பார்த்தாள். இடுப்பளவு ஆழம். கறுத்த தண்ணீர், மேலே ஆடை மாதிரி ஒரு படலம். படலம் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. படகு ஆடினால் தண்ணீரும் ஆடத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குமேல் பார்க்க அவளால் முடியவில்லை, அவ்வளவு அருவருப்பு.

மதியம் சாய்ந்து மழை இருட்டிக்கொண்டு வந்தபோது படித்துறையிலிருந்து தம்பி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சொதப்பிட்டேன்க்கா! புது பலகை மேல கார்ப்பெட்டைக் குப்புறப் போட்டு வரைஞ்சிருக்கேன். அந்த முடியும் கருமமும் பலகையில ஒட்டக் கூடாதுன்னு அடிப்பக்கம் மேல வர்ற மாதிரி போட்டுட்டேன். ஐயோ, மொத்தமும் இடம் வலமா மாறிப்போச்சு. கண்ணாடியில பாக்கிற மாதிரி."

"இப்ப என்ன பண்றது?"

"திருப்பிப் போட்டா உக்காரும். ஆனா பாலிஷ் போட்ட பக்கம் கீழ போயிடும், சொரசொரப்பு மேல வரும். குழியில இருக்கிறவங்களுக்குத்தான் தரை அழகா தெரியும்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "இன்னொரு கூத்து. மூடியைத் தூக்குற வளையத்தையும் பாலிஷ் பக்கமே பதிச்சிட்டேன். அதுவும் அடியில போயிடும். நாளைக்கு வேற பலகையோட வந்து ஒழுங்கா வெட்டித் தரேன். இன்னிக்கு ஒரு ராத்திரி குழியை அப்படியே விடு."

ஒரு ராத்திரி. அந்த நாற்றத்தோடு, அந்தப் படலத்தோடு, மகள் அதன் பக்கத்தில் படுத்து மூச்சு விட வேண்டும். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? முதல்ல மூடித் தொலைடா."

"அப்புறம் திறக்க முடியாதுக்கா."

"யாரு திறக்கப் போறா?"

பலகைகள் கச்சிதமாகப் பொருந்தின. இவ்வளவு நன்றாகத் தன் வேலை எதுவும் பொருந்தியதில்லை என்று தம்பியே வியந்தான். கடைசியில் மூடியை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்கினான். ஒரு கத்தி நுனி நுழைய இடமில்லை. குழித் தண்ணீரை இறைக்கும் பம்பின் வயருக்காக விட்ட, இரண்டு விரல் நுழையும் அளவு ஓட்டை மட்டும் ஓரத்தில் இருந்தது. கார்ப்பெட்டை மூட்டையாகக் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு, மழைக்கு முன்னே போய்விடுகிறேன் என்று கிளம்பினான்.

டெட்டால் ஊற்றித் துடைத்தாள். காய்ந்த மரத்தின் வாசனை வந்தது. அப்பாடா என்று இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு மகள் வெளியே வந்தாள்.

"அம்மா, எனக்கு வீசிங் போயிடுச்சு."

நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். உண்மைதான். விசில் இல்லை, க்ளக் இல்லை. எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு மூச்சைக் கேட்டு! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அள்ளி அணைத்துக்கொண்டாள். உடம்பு வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது. வியர்வை. காலையிலிருந்து புழுக்கம், குளிப்பாட்ட வேண்டும். தலையிலிருந்து லேசாக அந்த வாடை வந்தது. கேபின் முழுக்க அதே வாடைதானே, குழந்தை மேல் ஏறாமல் இருக்குமா.

"வாயில என்ன மெல்லுற? துப்பு."

மகள் உதட்டோரத்தில் ஒரு முடி தெரிந்தது. பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. கறுப்பாக, எச்சிலில் ஊறி, விரலைச் சுற்றிச் சுற்றி, முழ நீளத்துக்கு வந்தும் முடியவில்லை. தொண்டையின் அடியில் எங்கேயோ அது வேர் விட்டிருந்தது போல் வெடுக்கென்று இழுத்தது. மகளுக்கு வலிக்கவில்லை. வாயைத் திறந்து காட்டிக்கொண்டே நின்றாள். சிரித்தாள்.

பல்சந்து வலது பக்கம் இருந்தது.

அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். எது இடது, எது வலது. எதிரே நிற்கும் குழந்தைக்கு எது இடது. மறுபடி பார்த்தாள். வலது.

அப்போதுதான் கேட்டது. மெல்லிய விசில். வாலில் க்ளக்.

எதிரே நின்றவளின் வாய் இப்போது மூடியிருந்தது.

விசில் காலடியிலிருந்து வந்தது. பிறகு 'டிங்' என்று ஒரு சத்தம். மூடியின் அடியில், பாலிஷ் பக்கம் பதித்த வளையத்தை யாரோ தூக்கித் தூக்கி விட்டார்கள். டிங். டிங். இழுக்கத் தெரிகிறது, ஆனால் மேலே தள்ள பலமில்லாத கை. சின்னக் கை.

"கண்ணு!"

"என்னம்மா?" என்றாள் எதிரே நின்றவள்.

சமையல் கத்தியை எடுத்து இடுக்கில் குத்தினாள். நுழையவில்லை. மறுபடி குத்தினாள். நுனி ஒடிந்து பறந்தது. நகத்தை வைத்துப் பிராண்டினாள். நகம் பெயர்ந்தது. சொரசொரப்புப் பலகை சிலாம்பு சிலாம்பாக விரலில் ஏறியது. தம்பிக்கு போன் அடித்தாள். மழையில் வண்டி ஓட்டுகிறவன் எடுக்கவில்லை. விசில் நீண்டது. இடைவெளி அதிகமானது. இந்த விசிலை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடின அன்றைக்கு வந்த விசில்.

பஃப்.

அலமாரியிலிருந்து எடுத்தாள். குப்புறப் படுத்தாள். வயர் ஓட்டையில் பஃப்பின் வாயைச் செருகினாள். ஓட்டையிலிருந்து அந்த நாற்றம் நேராக முகத்தில் அடித்தது. முகத்தை விலக்கவில்லை.

"இழு கண்ணு. அம்மா அழுத்துறேன். இழு."

அடியில் ஏதோ வந்து கவ்வியது. உதடு. வெதுவெதுப்பான சின்ன உதடு. அழுத்தினாள். உள்ளே மூச்சு இழுபட்டது. விசிலோடு, நடுங்கி நடுங்கி, முழுசாக. பிறகு நின்றது. கீழே இருந்தவள் அடக்கிக்கொண்டாள், சொல்லிக்கொடுத்தபடியே. அம்மா எண்ணுவாள் என்று காத்திருந்தாள்.

இவளால் எண்ண முடியவில்லை.

ஈரமான ஒரு கன்னம் அவள் கன்னத்தோடு வந்து ஒட்டியது. எதிரே நின்றது இப்போது பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டது. ஈர முடி அவள் கழுத்தில் சரிந்தது. காதுக்குள், விசிலே இல்லாத சுத்தமான மூச்சோடு, ஆசையாக எண்ணத் தொடங்கியது.

"பத்து. ஒம்போது. எட்டு. ஏழு."

டிங்.

"ஆறு. அஞ்சு. நாலு."

டிங் இல்லை.

"மூணு. ரெண்டு."

பஃப்பைக் கவ்வியிருந்த உதடு மெல்லத் தளர்ந்தது.

"ஒண்ணு" என்று சொல்லி, அது மொத்த மூச்சையும் புஸ்ஸென்று அவள் முகத்தில் ஊதியது.

கீழே அடக்கின மூச்சை யாரும் விடவில்லை.