மறு சொடக்கு

விளக்கு வைக்கிற நேரத்தில் பிச்சி முன்னங்காலைத் தூக்கியது.

கூடத்தில் யாரும் இல்லை. சன்னலோரம் வேலுமணியின் பிரம்பு நாற்காலி மட்டும் கிடந்தது. அதன் முன்னால் நாய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கை கொடுப்பதுபோல வலது காலை நீட்டியிருந்தது. சமையலறை வாசலில் தீப்பெட்டியோடு நின்ற ராக்கம்மாள், பழக்கம் விடவில்லை என்று நினைத்துக் குச்சியை உரசப் போனாள். அப்போதுதான் அந்தக் கால் அசைவதைக் கண்டாள். அது நடுக்கமில்லை. யாரோ பிடித்துக் குலுக்குவதுபோல மேலும் கீழுமாக, நிதானமாக அசைந்தது. பிறகு நாய் காலைக் கீழே வைத்தது. வாயை ஒருபக்கமாகச் சாய்த்து எதையோ மென்றது.

ராக்கம்மாளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வயிற்றெரிச்சல். செத்தும் இதனிடம்தான் வருகிறாரா என்று நினைத்தாள். அந்த நினைப்பு முழுதாக உருவான பிறகே முதுகுத்தண்டில் குளிர் இறங்கியது.

அவள் புருஷன் வேலுமணி திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறியவர். மல்லியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக இறங்கும் காலை வேளையில் அவர் விலை கூவினால், பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவன் கிளாஸோடு திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. கழுத்துக் குழியில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தவர் மலைக்கோட்டை தெரியும் அந்தச் சன்னலோரத்திலேயே கிடந்தார். அவரிடம் மிச்சம் இருந்தவை விரல்கள்தான். காலமெல்லாம் பூவை அள்ளிய, எத்தனை சோப்புப் போட்டாலும் மரிக்கொழுந்து வாசம் போகாத விரல்கள். சொடக்குப் போட்டால் சுவரில் பட்டுத் தெறிக்கும்.

ஒருநாள் அடுப்படியில் நின்றவளை அவர் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார்.

"நான் என்ன நாயா, சொடக்குப் போட்டுக் கூப்பிட?"

வெடுக்கென்று வந்த வார்த்தைதான். தாளிப்பு முடிவதற்குள் அவள் மறந்துபோனாள். அவர் மறக்கவில்லை. அதன்பிறகு அவளை அவர் கூப்பிடவே இல்லை. தாகமெடுத்தால் தானே எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்தார். வேறு ஏதாவது வேண்டுமென்றால், அவள் வந்து பார்க்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாளில், அவர் தம்பி நாச்சிமுத்துவின் சாணார்பட்டித் தென்னந்தோப்பிலிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. பிச்சிப்பூ நிறம். அதுவே பெயரும் ஆயிற்று.

பொறை ரொட்டியைப் பாலில் நனைத்துக் கிள்ளி, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு அவர் பாடம் எடுத்தார். துண்டைக் குட்டியின் மூக்குக்கு நேரே காட்டி மெல்ல மேலே கொண்டுபோவார். குட்டி அண்ணாந்து பார்க்கப் பார்க்க அதன் பின்பாகம் தானாகத் தரையில் பதியும். பதிந்த அந்த நொடியில் ஒரு சொடக்கு, ஒரு துண்டு. நாளாக ஆக, துண்டு தேவைப்படவில்லை. சொடக்கு எங்கிருந்து கேட்கிறது என்பதே அதற்குப் பேச்சாகிவிட்டது. தலைக்கு மேலே கேட்டால் உட்கார வேண்டும். முழங்கால் உயரத்தில் கேட்டால் கை கொடுக்க வேண்டும். தரையை ஒட்டிக் கேட்டால் செத்ததுபோலக் கிடக்க வேண்டும், மறு சொடக்கு விழும்வரை.

ஓசூரிலிருந்து வந்திருந்த மகள் கீர்த்தனா கைதட்டிச் சிரித்தாள். "அப்பா, எங்க வீட்டுக்காரர இங்க ஒரு வாரம் விட்டுட்டுப் போறேன். இம்புட்டுப் படிச்சாப் போதும்."

வேலுமணி தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. ராக்கம்மாள் தண்ணீர்ச் சொம்போடு நின்று அதைப் பார்த்தாள். அறுவை முடிந்ததிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

ஒருமுறை, பிச்சி செத்ததுபோலக் கிடந்த நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பல நாள் கழித்து வந்த தண்ணீர். மறு சொடக்குப் போட மறந்து அவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எல்லா டிரம்மும் நிறைந்து திரும்பியபோது நாய் கிடந்த இடத்திலேயே கிடந்தது. சிற்றெறும்புகள் அதன் வயிற்றின்மேல் வரிசையாக ஏறி, கண்ணோரம் வழியாக இறங்கிக்கொண்டிருந்தன. அது இமைக்கவில்லை. வேலுமணி பதறிப்போய்ச் சொடக்குப் போட்டு, அதை மடியில் வாரிப்போட்டுக்கொண்டு அழுதார்.

"எனக்கு எறும்பு கடிச்சா யாரு அழுவா?" என்று ராக்கம்மாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

கழுத்துத் துளையில் சளி கட்டினால் துடைத்தவள் அவள். சோற்றைக் குழைய வடித்து ரசம் விட்டு மசித்தவள் அவள். தடவல் எல்லாம் நாயின் தலைக்குப் போயிற்று.

அவர் போன அன்று மத்தியானம் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே சொடக்குச் சத்தம் கேட்டது. நாய்க்குத்தான் என்று இன்னொரு சேலையை எடுத்து உதறினாள். இறங்கி வந்து பார்த்தபோது அவர் தலை சரிந்திருந்தது. கை பிச்சியின் தலைமேல் இருந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தெடுத்தாள்.

கருமாதி அன்று எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் இலை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏக்கா, இது அழுகவே இல்லையே? எங்க மாமனார் செத்தப்ப எங்க நாயி சோத்தத் தொடல. மாமியாரு மட்டும் நல்லா சாப்டாங்க."

"அதுக்கு என்ன தெரியும், வாயில்லாச் சீவன்" என்றாள் ராக்கம்மாள்.

இப்போது, எரியாத விளக்கின் முன்னால் நிற்கும்போது, அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தது. பிரிந்தால்தானே அழ வேண்டும்?

மறுநாள் அந்திக்கு முன்பே அவள் கூடத்து மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். சிறுமலைப் பக்கமிருந்து வந்த காற்று சன்னல் திரையை ஊதிவிட்டு அடங்கியது. தெருவில் பூண்டு விற்கும் வண்டியின் ஒலிபெருக்கி கத்திக்கொண்டே தேய்ந்தது, தூரத்தில் ரயில் ஒன்று நீளமாக ஊதியது, அதற்குப் பின் கூடத்தில் சுவர்க்கடிகாரத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாமல் போயிற்று. மலைக்கோட்டையின் நிழல் சன்னல் கம்பிகளைக் கருப்பாக்கியது. பிச்சி எழுந்து நாற்காலிக்கு முன்னால் போனது. உட்கார்ந்தது. கை கொடுத்தது. மென்றது. நாற்காலியின் பிரம்பு, ஆள் முன்னால் குனிந்தால் வருகிற அதே முனகலை எழுப்பியது.

அவள் பாய்ந்து போய் நாயின் வாயைப் பிரித்தாள். நாக்கின்மேல் பாலில் ஊறிய பொறைத் துணுக்கு இருந்தது. அவர் போனபின் அந்த வீட்டில் பொறை வாங்கியதே இல்லை. நாயின் தலையை முகர்ந்தாள். மரிக்கொழுந்து.

"ஏங்க" என்றாள் நாற்காலியைப் பார்த்து. "நான் இங்கதான இருக்கேன். எனக்கு ஒரு தடவ சொடக்குப் போடக்கூடாதா?"

பிச்சி அவளைப் பார்த்தது. கோயிலில் வரிசையில் முன்னால் நிற்பவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதுபோல.

அடுத்த வாரமே நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள். அவர் தேங்காய் இறக்கிவிட்டுக் குட்டியானை வண்டியோடு வந்து நின்றார்.

"என்ன மதினி, அண்ணன் பிள்ள மாதிரி வளத்ததத் தோப்புக்கு அனுப்புறீக? தனியா இருக்குற வீட்டுல ஒரு துணை வேணாமா?"

"என்னால பாக்க முடியல. கூட்டிட்டுப் போங்க."

"ஏலே பிச்சி, வா. வண்டியில ஏறு."

நாய் அசையவில்லை. நாற்காலிப் பக்கம் திரும்பி நின்றது. பிறகு, யாரோ போகச் சொன்னதுபோல, காதை மடக்கிக்கொண்டு தானே ஓடிப்போய் வண்டியில் தாவியது.

"பாத்தீகளா, எம் பேச்சக் கேக்குது!" என்று நாச்சிமுத்து பூரித்தார். நாய் யார் பேச்சைக் கேட்டது என்று ராக்கம்மாளுக்குத் தெரியும். வேலுமணிதான் அதை அனுப்பிவிட்டார். இனி அவள் மட்டும்தான்.

அன்று அவள் தலைக்குக் குளித்தாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கதவைச் சாத்திவிட்டு, மல்லிகை முழம் ஒன்றைக் கொண்டையில் சுற்றினாள். நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு ஏற்றவில்லை. இருட்டியது. காற்று வந்தது, ரயில் ஊதியது, கடிகாரம் ஓடியது. வேறு எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வாடிய பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைத்துக்கொண்டாள். கீர்த்தனாவின் போன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டுவிட்டால் கேட்காதே என்று அவள் எடுக்கவில்லை.

ஒரு அந்தியில் பிரம்பு முனகியது.

சொடக்கு.

தலைக்கு மேலே, தெளிவாக. சுவரில் பட்டுத் தெறித்தது. ராக்கம்மாளுக்குக் கண் நிறைந்தது. "இங்கதாங்க இருக்கேன்" என்றாள். மறுபடியும் அதே சொடக்கு, இம்முறை கொஞ்சம் அவசரமாக. அவளுக்குப் புரிந்தது. முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள்.

முழங்கால் உயரத்தில் ஒரு சொடக்கு.

கையை நீட்டினாள். ஈரமாக, குளிர்ந்து, ஒரு கை அதைப் பற்றிக் குலுக்கியது. பிறகு உதட்டில் ஏதோ பட்டது. பால் வாடை. பொறை. அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். தலையில் விரல்கள் இறங்கின. கொண்டையை, பூவை, நெற்றியை அவை தடவித் தடவிப் போயின. எத்தனை காலத்துக்கு அப்புறம். பிச்சிக்கு இதெல்லாம் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். தனக்கு ஒரே அந்திதான். அந்தப் பெருமையில் சிரித்தாள். நாற்காலியும் சத்தமில்லாமல் குலுங்கியது.

அதன்பிறகு அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பகலெல்லாம் கூடத்துத் தரையிலேயே கிடந்தாள். வாசலில் ஆரோக்கியம்மாள், "அக்கா, ஒரே ஒரு உருண்டை புளி தாங்க" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ராக்கம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு அந்திக்குக் காத்திருந்தாள்.

அன்று சொடக்கு தரையை ஒட்டிக் கேட்டது.

அவள் படுத்தாள். ஒருக்களித்து, கையும் காலும் தளர, கண் திறந்தபடி. பிச்சி எப்படிக் கிடந்ததோ அப்படி. அதைவிட நன்றாக. இமைக்கவில்லை. எறும்பு ஒன்று கொண்டைப் பூவிலிருந்து இறங்கி நெற்றிக்கு வந்தது. அசையவில்லை. அதன் பின்னால் இன்னொன்று. நாய்கூட வயிறு ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடந்தது. அவள் அதையும் நிறுத்தினாள். அதை அவர் யாருக்கும் சொல்லித்தரவில்லை. அவளே கற்றுக்கொண்டாள்.

சன்னல் வெளுத்தது. கருத்தது. வெளுத்தது.

மறு சொடக்கு விழவில்லை.

கேட் இழுபடும் சத்தம். கதவை இடிக்கும் சத்தம். தாழ்ப்பாள் பெயர்ந்தது. "மதினி! கீர்த்தனா எத்தன தடவதான் போன் போடும்..." நாச்சிமுத்துவின் குரல் பாதியில் அறுந்தது. அவள் மூக்கின் கீழே ஒரு கை வந்து நின்றது, விலகியது. அவர் தெருவுக்கு ஓடி ஆரோக்கியம்மாளைக் கூப்பிட்டு அலறினார். சும்மாதான் கிடக்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் பாடம் கெட்டுவிடும்.

தரையில் நகங்கள். டிக். டிக். டிக்.

பிச்சி. நாச்சிமுத்துதான் கூட்டி வந்திருக்க வேண்டும்.

அது அவள் முகத்தருகே நின்று முகர்ந்தது. ஈர மூக்கு அவள் கன்னத்தில் பட்டது. பிறகு அவளைத் தாண்டிப் போனது.

நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தது.

போ, என்று ராக்கம்மாள் உள்ளுக்குள் கத்தினாள். போ. இது என் முறை.

பிரம்பு முனகியது. மரிக்கொழுந்து வாசம் எழுந்தது. எறும்புகளின் வரிசை அவள் கண்ணோரத்துக்கு வந்து, விளிம்பில் ஒரு நொடி தயங்கி, உள்ளே இறங்கியது.

சொடக்கு.

முழங்கால் உயரத்தில்.

பிச்சி காலைத் தூக்கிக் கொடுத்தது. கால் மேலும் கீழும் அசைந்தது. பிறகு அது வாயைச் சாய்த்துப் பொறையை மெல்லத் தொடங்கியது. ராக்கம்மாளின் திறந்த கண்கள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தன.