கூடுதலாக ஒரு பாத்தி

தோட்டத்தில் ஒரு பாத்தி கூடுதலாக இருந்தது.

சேதுபதி பின்கதவைத் திறந்து, தோளிலிருந்த மண்வெட்டியை இறக்காமலே நின்றான். வேலியோரம் மரவள்ளிப் பாத்திகள், கிணற்றுப் பக்கம் சர்க்கரைவள்ளிப் பாத்திகள். எல்லாம் அவன் கையால் மேடு கட்டியவை. வாரக்கணக்கில் விடாமல் பெய்த மழையில் அவை ஓரம் சரிந்து, முதுகு கரைந்து, கிழங்கின் தலைகள் வெளியே தெரியக் கிடந்தன. இரண்டு வரிசைக்கும் நடுவில், நேற்று மாலை அவன் நடந்து போன வழியில், புதிதாக ஒன்று. மண் அணைத்து, மேலே தட்டி, விளிம்பெல்லாம் நேராக. மழை அதன் மேலும்தான் விழுந்துகொண்டிருந்தது. அது மட்டும் கரையவில்லை.

மற்றவற்றைவிடக் குட்டை. மண்வெட்டிக் காம்பின் நீளம் இருக்கலாம்.

யாரோ கிழங்கு திருட வந்து தோண்டி மூடியிருக்க வேண்டும் என்று நினைத்தான். ஜப்பான்காரன் வந்து அரிசி காணாமல் போன பிறகு, மலாக்காவின் காஜா பேராங்கில் ஒருவர் தோட்டத்தில் இன்னொருவர் கை வைப்பது புதிதல்ல. வெட்டிச் சமப்படுத்தினான். சேற்றில் இறங்குவது போல இறங்கும் என்று எதிர்பார்த்த மண்வெட்டி சரசரவென்று இறங்கியது. குனிந்து ஒரு பிடி அள்ளினான். மண் காய்ந்திருந்தது. பொடியாக, வெதுவெதுப்பாக, அடுப்பின் ஓரத்து மண் போல. விரல்களுக்கிடையே உதிர்ந்து கீழே விழுந்த பிறகுதான் மழை அதை நனைத்தது.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வேலை கிடந்தது.

யுத்தத்துக்கு முன்னால் அவன் சிங்கப்பூரில் கல்லூரிப் படிப்பு முடித்து, மலாக்காவில் ஒரு கம்பெனியில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவன். இப்போது கம்பெனி இல்லை. இந்தத் தோட்டம்தான் இருந்தது. அதிலிருந்து வருவதுதான் மகள் விஜயாவின் வயிற்றுக்குள் போனது. காலையில் பாத்திகளுக்கு இடையே வாய்க்காலை ஆழப்படுத்துவான், மாலைக்குள் மழை அதைத் தூர்த்துவிடும். சரிந்த மண்ணை மறுபடி அணைப்பான், சாம்பலை வேர்க்கழுத்தில் தூவுவான், சாம்பல் சாம்பல்நிறத் தண்ணீராக ஓடிவிடும். இலை மஞ்சளான செடியை அழுகுவதற்கு முன் பிடுங்கி, கறுத்த பாகத்தை அரிந்து எறிந்து, மிச்சத்தை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெயில் என்ற ஒன்று இல்லாததால் அடுப்புக்கு மேலே முறத்தில் வைத்துப் புகையில் காயவைப்பான். வீடு முழுக்கப் புளித்த கிழங்கு வாடை. உடுப்பில், பாயில், குழந்தையின் தலைமுடியில். தண்ணீர் குடித்த கிழங்கு எவ்வளவு கொதித்தாலும் கண்ணாடி மாதிரி விறைப்பாகவே இருந்தது. விஜயா அதை மென்று மென்று துப்பினாள். நான்கு வயது. அவள் மணிக்கட்டை அவன் இரண்டு விரலால் வளைத்தால் இடம் மிஞ்சியது.

கடற்கரையோரம் கிளேபாங்கில் அவன் அக்கா இருந்தாள். அங்கே மீனாவது கிடைக்கும். ஆனால் தோட்டத்தை விட்டுப் போனால் மறுநாளே ஒரு கிழங்கு மிஞ்சாது. மழை விடட்டும், தோண்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கிராணியாரே."

வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னம்மா. தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி; அவளுக்கும் ஒரு தோட்டம்.

"சொல்லுங்கக்கா."

"ஒங்க வூட்டுத் தண்ணி தெனம் எங்க வூட்டுக்கு விருந்துக்கு வருது. என் கத்திரிச்செடி எல்லாம் நீந்துது."

"அந்தப் பக்கம் தாழ்வு. நான் என்ன செய்ய?"

"படிச்ச ஆளாச்சே. மேட்டுப் பக்கமா ஓடுன்னு தண்ணிக்குப் பாடம் எடுங்க."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான். பிறகு கேட்டான். "நேத்து ராத்திரி யாராச்சும் என் தோட்டத்துல வெட்டுனாங்களா? சத்தம் கேட்டுச்சா?"

"என் தோட்டத்துல வெட்டவே ஆளில்ல. வெட்டுற மனுசன ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போய் சயாம்ல ரயிலு போட வச்சிருக்கான்."

"ஒரு பாத்தி போட்டிருக்காங்க. புதுசா."

"பாத்தியா? திருட வந்தவன் வேலையும் செஞ்சிட்டுப் போறானா? எங்க வூட்டுக்கும் அனுப்புங்க." சிரித்தாள். வேலிக்கு மேலே எட்டி, அவன் கலைத்த இடத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "எம்புட்டு நீளம்?"

அவன் மண்வெட்டிக் காம்பைக் காட்டினான்.

மழை சாக்கின் மேல் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் குடுத்த கோழிக்குஞ்ச என்ன செஞ்சீங்க?"

அவன் மனைவி கமலவேணி இறந்தது ஒரு சனிக்கிழமை. காய்ச்சல், மருந்து எங்கேயும் இல்லை. சனிக்கிழமை போகிற உயிர் தனியாகப் போகாது, வீட்டிலிருந்து ஒரு துணையைக் கேட்கும், அதற்குப் பதிலாகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். கம்பத்தில், அந்தச் சிற்றூர் முழுக்க, கோழி என்று ஒன்று பொன்னம்மாவிடம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அழுதுகொண்டே கொடுத்தாள். அன்றைக்கே மழை பிடித்துவிட்டது. விறகு எரியாது என்று புதைத்தார்கள். தூக்கி வந்தவர்கள் ஒதுங்கப் போன சமயத்தில் சேதுபதி பாடையின் காலிலிருந்து குஞ்சை அவிழ்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அது சூடாக இருந்தது. அவன் நெஞ்சில் அதன் இதயம் அடித்தது.

"குழியில போட்டுட்டேன்," என்றான்.

"மறுநா ஒங்க வூட்டுல கறி மணத்துச்சே. இந்தக் கம்பத்துல எவன் வூட்டுல இப்ப கறி மணக்குது?"

"பிள்ளைக்குப் பசி."

"அது அவளுக்குத் தொணைக்குக் குடுத்தது. நீங்க பிள்ளைக்கு ஊட்டிட்டீங்க." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைய அந்த வூட்டுல வச்சிக்காதீங்க தம்பி. எங்க வூட்டுக்கும் கொண்டாந்துறாதீங்க. சொல்லிட்டேன்."

மூடநம்பிக்கை என்று அவன் நினைத்தான். வேறு எதையும் நினைக்கவில்லை. கமலவேணி போன பிறகு அவனுக்குள் எதுவும் முழுதாக நினைக்கப்படுவதில்லை.

மறுநாள் பாத்தி அங்கேயே இருந்தது.

வெட்டினான். காய்ந்த மண். சமப்படுத்தி, மேலே நின்று மிதித்தான். அடுத்த நாளும் இருந்தது. இரவில் காதைக் கொடுத்துக் கிடந்தான். அத்தாப்பு ஓலைக் கூரையில் மழை அரைத்துக்கொண்டே இருந்தது, அதற்கு அடியில் வேறு எந்தச் சத்தம் இருந்தாலும் அது கேட்கவிடாது. தவளைகள் நின்று போயிருந்தன. எப்போது நின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை வெட்டிவிட்டு உள்ளே வந்தபோது விஜயா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டிலும் மண். காய்ந்த மண்.

"வெளிய போனியா?"

"இல்லப்பா. அம்மாதான் வந்தாங்க."

அவன் முறத்தைக் கீழே வைத்தான்.

"என்னைப் படுக்க வச்சு அளந்தாங்க."

"எதால?"

"கையால. சாண் போட்டு." அவள் தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா போட்டது சின்னதாப் போச்சாம். இன்னும் நாலு விரல் வேணுமாம்."

அவன் அவளைச் சுவரோரம் நிறுத்தினான். மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்தான். காம்பு முடிந்த இடத்துக்கு மேலே அவள் தலை தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தான்.

நாலு விரல்.

அன்று இரவு குழந்தையைத் தன் இடுப்போடு சேலைத்துணியால் கட்டிக்கொண்டு படுத்தான். கமலவேணியின் சேலை அது என்பது பாதி இரவில்தான் உறைத்தது. அவிழ்த்து எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழித்திருந்தான். விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே பின்கதவைத் திறந்தான்.

பாத்தி நீண்டிருந்தது. அளக்கத் தேவையில்லை.

அன்றைக்கே போய்விட முடிவு செய்தான். தோட்டத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் கிளேபாங் வரை குழந்தை பசி தாங்காது. எடுக்க முடிந்ததை எடுத்தான். சேற்றுக்குள் முழங்கை வரை கைவிட்டுத் தடவி, கெட்டியாக இருந்த கிழங்கை மட்டும் முறித்தான். பெரும்பாலானவை தொட்டதும் கையோடு குழைந்தன. அழுகல் வாடை மூக்கில் ஏறி நின்றது. விஜயாவைக் கண்ணுக்கெதிரே வாசற்படியில் உட்கார வைத்திருந்தான். இரண்டு கிழங்குக்கு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். அவள் அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தூக்கம் வந்தவள் பாயைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மூட்டை கட்டி முடித்தபோது பிற்பகல். வானம் தாழ்ந்து, அடுப்படியில் விளக்கில்லாமல் முகம் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. தேங்காயெண்ணெய் தீர்ந்து நாளாயிற்று. குழந்தையை உள்ளே கொண்டு வந்து அடுப்பருகே நிறுத்தினான். பின்கதவைச் சாத்தப் போனான். போனவன் நின்றான்.

பாத்தி திறந்திருந்தது.

மேடு இரண்டு பக்கமும் ஒதுக்கப்பட்டு, நடுவில் குழி. சுவர்கள் வெட்டிச் செதுக்கியது போல நேராக. வானம் மொத்தமும் தோட்டத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

காலி.

கதவைச் சாத்தித் தாழ் போட்டான். காலியாகத்தானே இருக்கிறது. பிள்ளை இங்கே இருக்கிறாள். போய்விடலாம். இப்போதே போய்விடலாம். மூட்டையை மார்பில் கட்டிக்கொண்டான். அடுப்புக்கு முதுகைக் காட்டிக் குந்தினான்.

"ஏறும்மா."

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்னாலிருந்து கைகள் வந்து கழுத்தைச் சுற்றின. சில்லென்று இருந்தன. காலையிலிருந்து சாரலில் உட்கார்ந்திருந்தவள். அவன் கைகளைப் பின்னால் கொண்டுபோய் அவள் பாதங்களைப் பிடித்து முன்பக்கம் இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டான். சாக்கை இருவருக்கும் மேலே போட்டான். எழுந்தான். முன்வாசல் வழியாக வெளியே வந்தான்.

மழை முகத்தில் அறைந்தது. பொன்னம்மாவின் சன்னல் திறந்திருந்தது. உள்ளே அவள் முகம் தெரிந்தது. அவனைப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். சன்னல் சாத்திக்கொண்டது.

"தூங்கிட்டியாம்மா?"

கன்னம் ஒன்று அவன் பிடரியில் பதிந்தது.

சந்தி கூப்பிடு தூரம்தான். அங்கே ஜப்பான் காவல்காரன் நிற்பான். யாராக இருந்தாலும் நின்று, இடுப்பிலிருந்து குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். குனிவது போதாவிட்டால் அடி விழும். சேதுபதி சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்தான். நேற்று இறகு மாதிரி இருந்த பிள்ளை. இன்று கனத்தாள். நனைந்த சாக்கு கனக்கும்தான். மூட்டை கனக்கும்தான். அடிக்கு அடி கனம் ஏறியது. கழுத்தைச் சுற்றிய கைகள் நீளமாக இருப்பது போலிருந்தது. மார்பைத் தாண்டி. மூட்டையைத் தாண்டி.

பார்க்காதே. நட.

சந்திக்கு வந்தான். காவல்காரன் மழைக்கோட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்தான். துப்பாக்கியின் கத்தி அவன் பக்கம் திரும்பியது. பிறகு தாழ்ந்தது. காவல்காரன் ஓரடி பின்னால் வைத்தான். இன்னும் ஓரடி.

சேதுபதி வணங்கினான். நன்றாகக் குனிந்தான்.

அப்போது மழை நின்றது.

ஒரேயடியாக. வாரக்கணக்காகக் காதுக்குள் இருந்த இரைச்சலை யாரோ வெட்டி எடுத்தது போல. ஊர் முழுக்கக் கூரைகள் சொட்டும் சத்தம். செட்டிக் கம்பத்துக் கோயில் மணி எங்கோ ஒரு தரம்.

குனிந்தபடியே தன் கைகளைப் பார்த்தான். இடுப்பில் அவன் இறுக்கிப் பிடித்திருந்த பாதங்கள். பெரியவை. வெளிறி, தோல் ஊறி, நகக்கண்களில் மண் அடைந்தவை. இரண்டாம் விரல்களில் வெள்ளி மெட்டி.

நிமிர முடியவில்லை.

பின்னால், அவன் வந்த வழியில், கூப்பிடு தூரத்தில், அவன் வீட்டுக்குள்ளிருந்து, தெளிவாக:

"அப்பா. நான் இன்னும் ஏறலையே."

பிறகு பின்கதவின் தாழ் விலகும் சத்தம்.

"அப்பா—"

தோட்டத்துப் பக்கம் மண் விழுந்தது. காய்ந்த மண். அள்ளி அள்ளி. அவன் திமிறினான். கைகள் இறுகின. பிடரியில் பதிந்திருந்த கன்னம், தூங்கும் பிள்ளையைச் சரிசெய்துகொள்வது போல, மெல்ல ஒருமுறை புரண்டு, வசதியாக அமர்ந்துகொண்டது.