முசியே அல்போன்சின் கால்கள்

குஞ்சம்மாளுக்கு விடியற்காலையிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ரெட்டியார்பாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்ததில் வலி தொடைவரைக்கும் இறங்கிவிட்டது. மில்லில் பதினெட்டு வருஷம் நின்றபடியே நூல் சுற்றிய இடுப்பு. மில்லை மூடிய பிறகு பதினோரு வருஷம் அல்போன்ஸ் வீட்டில் குனிந்து தரை துடைத்த இடுப்பு. வாசலில் மூன்று படிதான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

உள்ளே ஸ்டெல்லாமேரி பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். செத்துப்போன அல்போன்சின் மருமகள். காரைக்காலில் சொந்தத்தில் கல்யாணம். சனிக்கிழமை காலையில் கிளம்பினால் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவாள். அதுவரைக்கும் வீட்டையும் கிழட்டு நாய் பிஜூவையும் குஞ்சம்மாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"பிஜூவுக்கு வெறும் வயித்துல சக்கர மாத்திர குடுத்துடாத, செத்துப்புடும். குடுக்காம உட்டாலும் செத்துப்புடும்."

"தெரியும்மா."

"மாமா பாக்குற பழைய படத்தப் போட்டாத்தான் அது வாய வெக்கும். நேத்தும் அப்பிடித்தான். நான் படத்தப் போட்டுட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன், பூரா தின்னுடுச்சி."

குஞ்சம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அதுக்கு வெச்ச எலும்ப நீ கடிச்சிடாத."

"எனக்குப் பல்லு எங்கம்மா இருக்குது."

ஸ்டெல்லாமேரி சிரித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் வர்றப்ப நாய் நல்லபடியா இருந்திச்சின்னா பின்பக்க ரூம்பு உனக்கு. அன்னிக்கே சாவி தர்றேன். இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் ஏது? குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயின, பிள்ளை குட்டி கிடையாது. அந்த ரூம் கிடைக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரம்தான்.

கதவைச் சாத்தியதும் கூடம் இருட்டிக்கொண்டது. வெயிலுக்காக ஜன்னல்களின் மரச் சட்டக் கதவுகளை எப்போதும் மூடியே வைத்திருப்பார்கள். அல்போன்ஸ் போய் மூன்று மாதம் ஆகியும் அவருடைய தைல நெடி போகவில்லை. டிவிக்கு எதிரே அவருடைய சாய்வு நாற்காலி. அதன் பக்கத்தில் பிஜூ சுருண்டு கிடந்தது. நாற்காலிக்கு முன்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை வழவழவென்று தேய்ந்திருந்தது.

அது குஞ்சம்மாளின் இடம்.

அல்போன்ஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஐயா என்பதற்குப் பதிலாக எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் மத்தியானம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பார். அவள் கீழே உட்கார்ந்து அவர் கால்களை மடியில் வாங்கிப் பிடித்துவிட வேண்டும். நாற்காலிக் கையில் தட்டை வைத்துக்கொண்டு நாய்க்கு ஒவ்வொரு வாயாக ஊட்டுவார். ஒரே ஒரு சட்டம். திரையில் 'சுபம்' வரும்வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. கண்ணசந்தால் குதிகாலால் உதைப்பார்.

அன்றைக்குப் பிஜூ எதையும் தொடவில்லை. எலும்புச் சாறு ஊற்றிப் பிசைந்த சோற்றை மூக்கருகே நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலில் எடுத்து வாயில் வைத்தாள். துப்பியது. இரண்டு மணிக்கு ஸ்டெல்லாமேரி போன் செய்தாள்.

"சாப்டுச்சா?"

"இதோ சாப்புடுதும்மா."

"படத்தப் போட்டியா?"

"போடுறேன்."

மூன்று மணிக்கு நாயின் கால்கள் உதறத் தொடங்கின. வேறு வழி தெரியவில்லை. தட்டை நாற்காலிக் கையில் வைத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினாள். நிற்க முடியாத இடுப்பு அவளைத் தேய்ந்த தரையிலேயே உட்கார வைத்தது.

படம் ஓடியது. பிஜூ எழுந்தது. தலையைத் தூக்கி நாற்காலியை அண்ணாந்து பார்த்தது. வாயைத் திறந்தது.

மென்றது.

தட்டு அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சோறு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

அப்புறம்தான் மடியில் கனம் தெரிந்தது. முதலில் ஒரு கால். பிறகு இன்னொன்று. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் கைகள் தாமாகவே பிடித்துவிட ஆரம்பித்தன. நரம்பு முடிச்சு, வெடித்த குதிகால், மடங்கிப்போன சுண்டுவிரல். பதினோரு வருஷம் பழகிய கைக்கு அடையாளம் சொல்ல வேண்டுமா?

'சுபம்' வந்தது. கனம் இறங்கியது. நாய்க்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வாசல் படியில் போய்ப் படுத்து இரவைக் கழித்தாள்.

ஓடிப்போயிருக்கலாம். அந்த ரூம் அவளை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் படம் போடாமல் பிஜூ வாய் வைக்கவில்லை. இந்த முறை சோற்றுத் தட்டை வைத்துப் படத்தைப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலிக் காலடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"குடிச்சிட்டுப் போயிடுங்க முசியே," என்று முணுமுணுத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே நேரம். அவள் கொஞ்சம் கண்ணசந்ததற்காக மார்பில் உதைத்திருந்தார். உதைத்துப் பத்து நிமிஷம் இருக்கும், மூச்சை இழுத்துப் பிடித்தார். கை நெஞ்சுக்குப் போனது. "குஞ்சு, தண்ணி," என்றார். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். மறுபடியும் கேட்டார். அவள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"படம் முடியலங்க முசியே."

நாலு தடவை கேட்டார். ஐந்தாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. 'சுபம்' வந்தபோது கால் சில்லிட்டிருந்தது. பிறகுதான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். அதை அவளே குடித்தாள். சாகிறவனின் வாய் நனைய நாலு சொட்டுப் பாலோ தண்ணீரோ விடாதவர் உண்டா? தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். பக்கத்தில் படுத்திருந்த நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது மடியில் கனம் ஏறியது. நேற்றைவிட அதிகமாக, இரண்டு நெல் மூட்டையை வைத்ததுபோல.

"குஞ்சு."

தலைக்கு மேலே, பல் இல்லாத வாயிலிருந்து வருகிற காற்று.

"தண்ணி."

டம்ளர் ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது. கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. விரல்கள் அந்தக் கால்களிலேயே ஒட்டிக்கொண்டு பிடித்துவிட்டன. பிஜூ மெல்ல நடந்து வந்தது. மூக்கால் டம்ளரைச் சாய்த்தது. தரையில் ஓடிய தண்ணீரை, அவள் கண்ணையே பார்த்தபடி, ஒரு சொட்டு விடாமல் நக்கியது.

"தண்ணி."

படத்தில் கல்யாணம் நடந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். அத்தோடு முடிய வேண்டும். முடியவில்லை. முதல் காட்சி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

"எந்திரிக்க உடுங்க முசியே. மொண்டாந்து குடுத்துட்றேன்."

மேலிருந்து மெதுவாக வந்தது பதில்.

"படம் முடியல."

குதிகால் மார்பில் இறங்கியது.

ஸ்டெல்லாமேரி திரும்பி வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடத்து லைட்டைப் போட்டாள். டிவியை நிறுத்தினாள். காலித் தட்டையும் வாலாட்டிய நாயையும் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"ரெண்டு நாள்ல ஒரு சுத்துப் பெருத்துடுச்சே. இனிமே தினமும் மத்தியானம் நீயே படத்தப் போட்டு இது பக்கத்துல உக்காந்துக்க. இங்கியேதான இருக்கப் போற."

குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கைகள் காற்றைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தன.

"சந்தோஷத்துல பேச்சு வரலியா? இந்தா, புடி."

ரூம் சாவியை அவள் மடியில் எறிந்துவிட்டு, கம்மலைக் கழற்றியபடி ஸ்டெல்லாமேரி உள்ளே போனாள்.

சாவி மடியில் விழவில்லை.

மடிக்கு ஒரு சாண் மேலே, எதன் மீதோ தங்கிக் கிடந்தது.

டிவி அணைந்து கிடக்க, நாற்காலியிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. முசியே அல்போன்சுக்குக் குஞ்சம்மாள் கொடுக்க வேண்டிய பாக்கி, ஒரு டம்ளர் தண்ணீர்.