நாய்ச் சங்கிலி

கோபிநாத் ஜீப்பை எடுக்குமுன் டிரெய்லரை மூன்று தரம் சுற்றி வந்தான். தேங்காய்ப் பாரம் முன்பக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கிறதா, கொக்கியில் ஆணி இறங்கியிருக்கிறதா, ஆணி தெறித்தாலும் டிரெய்லரை விடாமல் பிடிக்கும் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று பார்த்தான். இந்த அக்கறையைப் போன ஆடியில் காட்டியிருந்தால் காளியாத்தாள் உயிரோடு இருந்திருப்பாள்.

அன்று டிரெய்லரில் சங்கிலியே இல்லை. அந்தச் சங்கிலியில் வீட்டு நாயைக் கட்டியிருந்தார்கள். வாய்க்கால் மேட்டில் கொக்கி ஆணி தெறித்தது. தனியே பின்னால் உருண்ட டிரெய்லர், புல்லுக்கட்டோடு வந்த காளியாத்தாளை நசுக்கியது. போலீஸ் வருவதற்குள் நாயை அவிழ்த்துவிட்டுச் சங்கிலியைக் கொண்டு வந்தவள் அவன் மனைவி நர்மதா. அதை அறுத்துத் தொங்கவிட்டவன் அவன்.

"சங்கிலி இருந்துச்சுங்க. அறுந்து போச்சுங்க" என்று இருவரும் கூசாமல் சொன்னார்கள்.

அதே சங்கிலியைத்தான் பற்றவைத்து இப்போதும் மாட்டியிருந்தான். புதிது வாங்க அந்தக் கஞ்சனுக்கு மனம் வரவில்லை.

பத்து மணி வெயிலில் ஜீப் கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குக் கிளம்பி, வாய்க்கால் மேடு ஏறியது. சித்திரையில் கரையெல்லாம் கருகிக் கிடந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்மதாவுக்குப் பச்சைப் புல் வாசம் அடித்தது.

"ஏனுங்க, புல்லு வாசம் வருதுங்களா?"

"பேசாம வா."

பின்னால் சங்கிலி கிலுங்கியது.

ஜீப் திணறி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"பிரேக்கு நிக்கமாட்டீங்குது! நர்மதா, எறங்கிப் போயி டிரெய்லரக் கழட்டியுடு!"

அவள் குதித்து ஓடினாள். கொக்கி ஆணி கையோடு வந்தது. சங்கிலி வரவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வர இழுத்தாள். மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

"உட்ரு ஆத்தா... அவர உட்ரு..."

காதோரம் மூச்சுப் பட்டது.

"சங்கிலி இருந்துச்சுன்னு சொன்னீல்ல, அம்மிணி?"

கோபிநாத்தின் பக்கத்துக் கதவு திறக்கவே இல்லை. டிரெய்லர் முதலில் வாய்க்காலில் இறங்கியது. ஜீப்பையும் அவனையும் சங்கிலி கூடவே இழுத்துக்கொண்டு போனது.

மாலையில் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். ஜீப் நசுங்கியிருந்தது. சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ்காரர் அதைச் சாக்கில் போட்டுக் கட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகுமுன் நர்மதாவிடம் கேட்டார்.

"போன ஆடியில நடந்ததுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஜெயில் கண்முன் வந்தது.

"இல்லீங்க. அன்னைக்குச் சங்கிலி இருந்துச்சுங்க."

இருட்டுவதற்குள் வீடு திரும்பினாள். ஆடியிலிருந்து அவிழ்ந்தே திரிந்த நாய், வாசல் கம்பத்தில் கட்டிக் கிடந்தது. குரைக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தது.

அதன் கழுத்தில், பற்றவைத்த அதே சங்கிலி. பக்கத்தில், ஈரம் சொட்ட ஒரு புல்லுக்கட்டு.

சங்கிலியின் மறுமுனை கம்பத்திலிருந்து அவிழ்ந்து, மண்ணில் ஊர்ந்து அவள் காலடிக்கு வந்து நின்றது.